மனை களிமண்ணா? அஸ்திவாரம் வெட்டும் முன் நீங்களே செய்து பார்க்கும் சோதனைகள்

விநாயகர் சதுர்த்திக்கு வாங்கிவந்த களிமண் பிள்ளையார், மூன்றாம் நாள் கரைக்க எடுத்துப் போகும்போது பெரும்பாலும் தொப்பையில் ஒரு விரிசலோடுதான் கிளம்புவார். பிடிக்கும்போது மண் ஈரம். வைத்த பிறகு மேல்தோல் காய்ந்து சுருங்குகிறது, உள்மண் இன்னும் காயவில்லை. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் தோல் பிளக்கிறது. மண்பாண்டம் செய்கிறவர்கள் களியில் மணல் கலப்பது இந்தச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தத்தான். இதே மண் உங்கள் மனைக்கு அடியில் பத்தடி ஆழத்துக்கு இருந்தால், பிள்ளையாருக்கு மூன்று நாளில் நடந்தது வீட்டுச் சுவருக்கு மூன்று கோடையில் நடக்கும்.

சென்னையின் பெரும்பகுதி களிமண்தான். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடலையும் ஆற்றையும் ஒட்டிய திருவான்மியூர், கொட்டிவாக்கம், அடையாறு, சாந்தோம், ஜார்ஜ் டவுன், தண்டையார்பேட்டைப் பகுதிகள் மணல். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. ஆனால் இந்தப் பட்டியலை நம்பி வீடு கட்டக் கூடாது. ஒரே தெருவில் ஒரு மனை மணலாகவும் எதிர்மனை களியாகவும் இருக்கும். பகுதியின் பெயரைவிடப் பழைய நீர்நிலை எங்கே இருந்தது என்பதே நல்ல துப்பு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு, லேக் கிடையாது. தி.நகரே 1920களில் மாம்பலம் ஏரிப் படுகையின் மேல் எழுந்த ஊர். 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. ஏரியில் தண்ணீர் அசையாமல் நின்றால் மிக நுண்ணிய துகள்தான் கடைசியாக அடியில் படியும். அந்தப் படிவுதான் களி.

புறநகரில் இன்னொரு சிக்கல். தாழ்ந்த மனையில் இரண்டு மூன்று அடி சவுடு கொட்டிச் சமன்செய்து விற்பார்கள். மேலே பார்த்தால் நல்ல செம்மண்போல் இருக்கும். எந்தச் சோதனையையும் அந்த மண்ணில் செய்து பயனில்லை.

எல்லாக் களியும் ஒன்றல்ல

0.002 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளுக்குக் களி என்று பெயர். இது அளவின் பெயர்தானே தவிர, குணத்தின் பெயர் அல்ல. குணத்தை முடிவு செய்வது அந்தத் துகள் எந்தக் கனிமம் என்பது. கயோலினைட் என்ற கனிமத்தின் நுண்தாள்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பவை, நடுவே தண்ணீர் நுழையாது. ஸ்மெக்டைட் தாள்களுக்கு இடையில் தண்ணீர் புகும். புகுந்தால் மண் உப்பும், வெளியேறினால் சுருங்கும். 60 சதவீதம் கயோலினைட் உள்ள மண் சாதுவாக இருக்கும்போது 35 சதவீதம் ஸ்மெக்டைட் உள்ள மண் சுவரைத் தூக்கிவிடும். ஆகவே 'களி எத்தனை சதவீதம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

ஸ்மெக்டைட்டின் தாய்வீடு எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாகி, கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த அந்தப் பாறை வறண்ட பருவமும் மழைப் பருவமும் மாறி மாறி வரும் இடங்களில் சிதைந்து கருங்களியாக மாறியது. அதிக மழை பெய்து உப்புகள் அடித்துச் செல்லப்பட்ட உச்சிகளில் அதே பாறை சிவந்த லேட்டரைட் ஆனது. ஒரே பாறைக்கு இரண்டு முடிவு. அந்தக் கருங்களி செங்குத்தான சரிவில் இருக்கும்போது அதன் நடத்தை பார்க்க வேண்டிய ஒன்று. நனையும்போது சரிவின் முகத்துக்குச் செங்குத்தாக வெளிப்பக்கம் உப்புகிறது, காயும்போது நேர்கீழாக அமர்கிறது. இப்படி ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்கிறது. கோடையில் விழுந்த வெடிப்புகள் முதல் மழையைப் பாறை மட்டம்வரை நேராக இறக்கிவிடும். பிறகு வெடிப்பு மூடிக்கொள்ள, மீதி மழை மேலோடு ஓடிவிடும். அடியில் போன தண்ணீர் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே எண்ணெய் பூசியதுபோல் நிற்க, மண் சரிகிறது.  

சென்னை சமதளம், இங்கே எரிமலையும் இல்லை. நம் களி தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது, கனிமம் பெரும்பாலும் கலவை. அதனால்தான் மனைக்கு மனை பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் சரிவுப் பாடம் ஓரிடத்தில் நமக்கும் உயிர்ப் பிரச்சினை: நீங்கள் வெட்டும் குழியின் பக்கச்சுவர் ஒரு செங்குத்துச் சரிவு.

குழி

கத்திரி வெயிலில் வெட்டினால் வெடிப்புகள் தெரியும். நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று தெரிய டிசம்பரில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு கிரவுண்ட் மனைக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு குழி, ஒவ்வொன்றும் மூன்றுக்கு மூன்று அடி, ஐந்தடி ஆழம். நான்கடி தாண்டிய பிறகு பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. களிச்சுவர் வெட்டிய அன்று கத்தியால் அறுத்த அல்வாபோல் நேராக நிற்கும். உள்ளே ஒரு பழைய வெடிப்பு இருந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் பாளமாக விழும். பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி வெட்டுங்கள். ஐந்தடிக்குக் கீழே கை ஆகர் (கையால் திருகித் துளைபோடும் கருவி) போட்டுப் பன்னிரண்டு அடி வரை மண் எடுக்கலாம்.

ஒவ்வோர் அடி மண்ணையும் தார்ப்பாயில் தனித்தனிக் குவியலாக, வரிசை மாறாமல் வையுங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே மேடாகக் கொட்டிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பிறகு எந்த ஆழத்து மண் எது என்று கடவுளுக்கும் தெரியாது.

குழிச்சுவரை மேலிருந்து கீழே படியுங்கள். உடைந்த செங்கல், ஓடு, பிளாஸ்டிக் இருக்கும் வரை கொட்டிய மண். அது நின்று நிறம் சீராக மாறும் கோட்டில் உண்மையான நிலம் தொடங்குகிறது. அங்கிருந்துதான் ஆழத்தைக் கணக்கிட வேண்டும். கீழே நீலச் சாம்பல் நிறமும் நடுநடுவே துருக்கோடுகளும் தெரிந்தால் அந்த மட்டத்தில் ஆண்டுக்குப் பல மாதம் தண்ணீர் நிற்கிறது. கிளிஞ்சல் இருந்தால் கழிமுகம் அல்லது கடல் படிவு, உப்பும் கூடவே இருக்கும் என்று எதிர்பாருங்கள், கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் அது பகை. வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வந்தால் அதன் மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தேட வேண்டியது வழுக்குமுகங்கள். ஒரு பாளத்தைக் கையால் பிளந்தால், பிளந்த முகம் சோப்புக்கட்டியை அறுத்ததுபோல் பளபளப்பாக, மெல்லிய கோடுகளோடு சாய்ந்து கிடக்கும். மண் உப்பும்போது ஒரு பாளம் இன்னொன்றின் மேல் ஏறித் தேய்ந்த தடயம் அது. இதைப் பார்த்துவிட்டால் மண் அசைகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெடிப்பின் ஆழத்துக்கு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். மூன்றடிக்கும் கீழே தடையில்லாமல் இறங்கினால் எச்சரிக்கை.

கைச் சோதனைகள்

நாடா சோதனையில் தொடங்குங்கள். ஒரு எலுமிச்சை அளவு மண்ணில் கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு பதத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிசையுங்கள். களிக்கட்டி உடைய நேரமாகும். ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் களி குறைவாகத் தெரியும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களி குறைவு. 2.5 முதல் 5 வரை வந்தால் நடுத்தரம். 5 செ.மீ.யைத் தாண்டித் தொங்கினால் களிமண்.

அடுத்து கண்ணாடி ஜாடி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், ஒரு சிட்டிகை துணி சோப்புத்தூள், மீதி தண்ணீர். பத்து நிமிடம் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிந்த உயரம் மணல், இரண்டு மணி நேரத்தில் அதற்கு மேல் சேர்ந்தது வண்டல், அடுத்த ஒன்றிரண்டு நாளில் படிவது களி. ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இங்கே சென்னைக்கே உரிய ஒரு பிழை உண்டு. போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்பு களித்துகள்களை ஒன்று சேர்த்துச் சீக்கிரம் கீழே தள்ளிவிடும், களி வண்டலாகத் தோன்றும். ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள்.

இந்த இரண்டும் அளவைத்தான் சொல்லும். குணத்தைச் சொல்வது அடுத்த இரண்டு.

உப்பல் சோதனை, ஐ.எஸ். 2720 பகுதி 40 என்ற இந்தியத் தரநிலையில் உள்ள முறை. உலர்த்திப் பொடித்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போட வேண்டும். ஒன்றில் வாலைவடிநீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். காற்றுக்குமிழ் போகக் கண்ணாடிக் குச்சியால் மெல்லக் கிளறிவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் பிடித்த இடத்திலிருந்து மண்ணெண்ணெயில் பிடித்த இடத்தைக் கழித்து, மண்ணெண்ணெய் அளவால் வகுத்து, நூறால் பெருக்கினால் உப்பல் குறியீடு. உதாரணமாக 22 மி.லி.யும் 12 மி.லி.யும் வந்தால் சுமார் 83. ஐ.எஸ். 1498 அட்டவணைப்படி 50க்குக் கீழ் குறைவு, 50 முதல் 100 நடுத்தரம், 100 முதல் 200 அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். கயோலினைட் மிகுந்த மண்ணில் விடை மைனஸில் வரலாம். அது உங்கள் தவறல்ல, நல்ல செய்தி. மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து வீட்டில் செய்தால் விடை தோராயம்தான், ஆனால் 30க்கும் 130க்கும் உள்ள வேறுபாடு தப்பாது.

மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் சுருக்கச் சோதனை போதும். நீளவாக்கில் பிளந்த ஒரு அங்குல பி.வி.சி. குழாயை 14 செ.மீ.க்கு வெட்டி, முனைகளை அடைத்து, உள்ளே எண்ணெய் தடவுங்கள். சலித்த மண்ணைத் தண்ணீரில் குழைத்து, தோசை மாவைவிடக் கெட்டியாக, காற்று இல்லாமல் தட்டித்தட்டி நிரப்புங்கள். நிழலில் இரண்டு நாள், பிறகு வெயிலில் இரண்டு நாள். முதல் நாளே வெயிலில் வைத்தால் பட்டை வளைந்து நடுவில் முறியும், அளக்க முடியாது. காய்ந்த நீளத்தை அளந்து எத்தனை சதவீதம் சுருங்கியது என்று பாருங்கள். 5க்குக் கீழே கவலையில்லை. 5 முதல் 8 வரை ஜாக்கிரதை. 8க்கு மேல் மண் வம்பு செய்யும்.

கடைசியாக, பட்டாணி அளவு காய்ந்த கட்டி ஒன்றைக் கிண்ணத்து மழைத்தண்ணீரில் மெல்ல இறக்கி இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் மேகம் கட்டினால் சோடியம் கலந்த களி. மழையில் இது கரைந்தே போகும், பைப்லைன் ஓரமாக உள்ளுக்குள் பொந்து விழும்.

இந்த விடைகளை வைத்து என்ன செய்வது

இவை பொறியாளருக்கு மாற்றல்ல. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்குத்தான். ஆய்வகத்துக்கு மண் போகும்போது நீர்ம எல்லை (மண் குழம்பாகத் தொடங்கும் ஈரம்), குழைமை எல்லை (பிசைய வரும் குறைந்த ஈரம்), உப்பல் குறியீடு, உப்பல் அழுத்தம் (உப்பும்போது தள்ளும் விசை), சல்பேட், குளோரைடு இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் தாங்குதிறன் எண் மட்டும் உள்ள ஒரு பக்க அறிக்கை களிமண் மனைக்குப் போதாது. காய்ந்த களி மே மாதத்தில் அபாரமான தாங்குதிறன் காட்டும்.

உப்பல் 50க்குள் இருந்தால் வழக்கமான அஸ்திவாரம் போதும். 100ஐத் தாண்டினால் அண்டர் ரீம்டு பைல் பற்றிப் பேசியாக வேண்டும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் கரிசல் நிலங்களுக்காக வளர்த்தெடுத்த முறை இது. கான்கிரீட் தூணின் தண்டுக்கு அடியில் அதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு விட்டமுள்ள குமிழ், மண் அசையும் மட்டத்துக்குக் கீழே நங்கூரம்போல் உட்காரும். ஐ.எஸ். 2911 பகுதி 3 இத்தகைய மண்ணில் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் கேட்கிறது. மேலே வரும் பீமுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்துக்குள் உப்பிக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் மேஸ்திரி அந்த இடைவெளியை மண்போட்டு அடைத்துவிட்டால் போட்ட செலவு அத்தனையும் வீண்.

சாதா அஸ்திவாரக் குழியில் 'களியாக இருக்கிறது, இரண்டடி மணல் நிரப்பிவிடலாம்' என்பார்கள். செய்யாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, நடுவே மணல் என்றால் அது ஒரு தொட்டி. மழைத்தண்ணீர் அதில் தேங்கி அடிக்களியை மாதக்கணக்கில் நனைக்கும். உப்பாத கிராவலை அடுக்கடுக்காக ஈரப்பதம் பார்த்து இடிக்க வேண்டும். குழியை வெட்டித் திறந்துபோட்டு ஒரு வாரம் வெயிலில் காயவிடுவதும் தவறு. வெட்டிய அன்றே பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) போட்டு மூடுங்கள். எலும்பாகக் காய்ந்த களியின் மேல் கட்டினால், ஐப்பசி மழை வந்ததும் அது வீட்டைத் தூக்கும். பொங்கலுக்குப் பிறகான வாரங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை, மண் சேறும் இல்லை, பிளக்கவும் இல்லை.

பெரும்பாலான சேதம் ஈரத்தால் வருவதில்லை. வீட்டின் ஒரு மூலை ஈரமாகவும் இன்னொரு மூலை காய்ந்தும் இருப்பதால் வருகிறது. ஆகவே வீட்டைச் சுற்றி 1 மீட்டருக்குக் குறையாத அகலத்தில், வெளிப்பக்கம் சரிந்த சிமென்ட் தளம் போடுங்கள். சம்ப்பில் கசிவு இருக்கிறதா என்று இரவு மோட்டாரையும் குழாயையும் மூடி மட்டம் குறித்து, காலையில் பாருங்கள். வேம்பு, பூவரசு, மா எதுவானாலும், முழுதாக வளர்ந்தபின் அந்த மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். ஏற்கெனவே இருந்த பெரிய மரத்தை வெட்டியிருந்தால், அது இத்தனை நாள் உறிஞ்சிக் காயவைத்த களி இனி நனைந்து உப்பும். கட்டத் தொடங்கும் முன் ஒரு வடகிழக்குப் பருவமழையாவது போகட்டும்.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். களிமண் மனையில் சுவரோரமாக ஒரு குழி வெட்டி ஜல்லி நிரப்பினால் சட்டத்துக்குக் கணக்குக் காட்டலாம், தண்ணீர் இறங்காது. களியில் நீர் இறங்கும் வேகம் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. ஆயிரம் சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் வரும். 1 மீட்டர் நீள அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள வெற்றுக்குழியே 1,500 லிட்டர்தான் கொள்ளும், ஜல்லி போட்டால் அதில் பாதிக்கும் குறைவு. மணிக்கு 5 மி.மீ. என்றாலும் அடிப்பக்கம் வழியாக 5 லிட்டர்தான் இறங்கும். அந்த 1,500 லிட்டர் வடிய பன்னிரண்டு நாளாகும், அதுவரை அது உங்கள் அஸ்திவாரத்தின் ஒரு மூலையை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கும். களிக்குக் கீழே மணல் படிவு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று போர் போட்டவரிடம் கேட்டு, அதுவரை இறங்கும் ரீசார்ஜ் போரை, வடிகட்டித் தொட்டியோடு, சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போடுங்கள்.

கட்டிமுடித்த வீட்டில் விரிசல் வந்துவிட்டதா? உடனே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்காதீர்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் தேதி எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து எழுதிவையுங்கள். மே மாதத்தில் திறந்து நவம்பரில் மூடினால் அது களியின் வேலை, ஈரத்தைச் சீராக்குவதில் தொடங்குங்கள். பருவம் எதுவானாலும் விடாமல் அகலமாகிக்கொண்டே போனால் அடியில் அமர்வு நடக்கிறது, அளந்த தாளோடு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.